குமரிக்கு ஓடப் போனோம்

முதல் நாள், புதன்

ஆரல்வாய்மொழி வந்ததும் பெட்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டோம். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து, நடுவில் ஒரு வாசல் விட்டதுபோல் இருக்கும் இடம் அது. அந்த வாசல் முழுக்கக் காற்றாலைகள். இங்கே காற்றுக்காலம் வைகாசிக்குப் பிறகுதான். இந்த மாசியில் பாதி இறக்கைகள் சும்மா நிற்கின்றன. "ஞாயித்துக்கிழமையும் இப்படியே நிக்கட்டும் சாமி" என்று நர்ஸ் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எதிர்க்காற்றில் 21 கிலோமீட்டர் ஓடியவர்களுக்கு அந்தக் கும்பிடு புரியும்.

நாங்கள் மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடும் பெண்கள். குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். இந்தப் பயணத்துக்கு வந்தது ஒன்பது பேர். எங்கள் பருவம் மார்கழியில் தொடங்கும். நாலரைக்கு எழுந்து வாசலில் கோலத்தை முடித்துவிட்டு அதே கையோடு ஷூ லேஸைக் கட்டுவோம். மார்கழியில் ஒரு பத்து கிலோமீட்டர், தையில் ஒரு ஹாஃப், அதாவது 21 கிலோமீட்டர் அரை மாரத்தான், மாசியில் இன்னொரு ஹாஃப். பங்குனி வெயில் வந்துவிட்டால் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திவிடுவோம். இந்த ஞாயிறு கன்னியாகுமரிக் கடலோரம் நடப்பதுதான் இந்தப் பருவத்தின் கடைசி ஓட்டம்.

நான் ஓடவில்லை. பொங்கலுக்கு முன்னால் வாராவாரம் தூரத்தை அவசரமாகக் கூட்டிவிட்டேன். வலது கால் முன்னெலும்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், விரல் வைத்தால் உயிர் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு விரிசல் விடும் நிலைக்கு வந்திருக்கிறது, ஆறு வாரம் ஓடக் கூடாது, நடக்கலாம் என்றார் டாக்டர். டிக்கெட்டை ரத்து செய்யப் போனபோது டீச்சரக்கா கேட்டார்: "ஓடக் கூடாதுன்னுதானே சொன்னாரு? வரக் கூடாதுன்னு சொன்னாரா?" சரி என்று வந்துவிட்டேன். தண்ணீர், பைகள், வாழைப்பழம் எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் குழுவில் ஒரு நோட்டு உண்டு. அதில் 'வால்' என்று ஒரு கட்டம். எந்தப் போட்டியானாலும் எங்கள் ஆட்களில் கடைசியாக வருபவர் தனியாக வரக் கூடாது. அவர் வேகத்தில், அவர் பக்கத்தில், முறை வைத்து ஒருத்தி கூடவே ஓடுவாள். அவள்தான் வால். சில வருஷத்துக்கு முன்னால் எங்களில் ஒருத்தி பதினேழாவது கிலோமீட்டரில் தலைசுற்றி விழுந்தாள். முகம் தெரியாத ஒரு இளநீர்க்காரர்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். நாங்களெல்லாம் அப்போது பதக்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சாயங்காலமே இந்தக் கட்டத்தைக் கோடு போட்டு வரைந்தோம்.

குமரிக்கு வால் முறை என்னுடையது. கால் இப்படி ஆனதால் நர்ஸ் அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார். எங்களில் வேகமானவர் அவர்தான். இந்தப் பருவத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஹாஃப் முடிக்க வேண்டும் என்று ஆறு மாதமாக உழைக்கிறார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராத்திரி தங்கல் ஒழுகினசேரியில், எங்கள் குழுவின் நாகர்கோவில்காரியின் அம்மை வீட்டில். உளுந்தங்கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்துவிட்டு, ஒன்பது பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "எல்லாரும் கல்யாணம் ஆனவியளா? வீட்டுல யாரு பொங்குதா?" என்று கேட்டார். "இன்னைக்கு அவுங்களே பொங்குறாங்கம்மா" என்றார் தையலக்கா. அம்மைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு கரண்டி ஊற்றினார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலை ஐந்தரைக்கு சுசீந்திரம் வரை மெதுவான ஓட்டம். ஐந்தாறு கிலோமீட்டர்தான். நாகர்கோவில்காரியின் தம்பி ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து, காலுக்கு நடுவில் தண்ணீர்க் கேனோடு போனேன். ஓடும் பெண்களைப் பின்னாலிருந்து இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. ஒருத்திக்கு இடது தோள் ஏறி நிற்கிறது. தையலக்கா இரண்டு கையையும் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி நெஞ்சருகே வைத்துக்கொண்டு ஓடுகிறார். டீச்சரக்காவின் பாதம் தரையை உரசுகிறது, ஆனால் தாளம் தப்புவதே இல்லை. ஸ்கூட்டர் சத்தத்தையும் மீறி அந்த சர் சர் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து, "எங்க மக்ளே இப்பிடி ஓடுதிய? பஸ்ஸு வரும்லா?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே எங்களுக்காகக் கவலைப்பட்டார். டீச்சரக்கா நின்று, "சும்மா உடம்புக்குத்தான் அம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

தாணுமாலயன் கோயில் 134 அடிக் கோபுரத்தின் உச்சியில் வெயில் அப்போதுதான் விழுந்தது. கீழே குளத்தில் இன்னும் இருட்டு. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் ஒரே மூர்த்தியாக இருக்கும் கோயில் இது. உள்ளே 18 அடி ஆஞ்சநேயர் இருக்கிறார். வெண்ணெய் சாத்திய அவர் காலையே பார்த்துக்கொண்டு நான் நின்றேன். எனக்கு இப்போது எந்தக் காலைப் பார்த்தாலும் முன்னெலும்புதான் கண்ணில் படுகிறது.

கோயிலை விட குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தைத்தான் எழுத வேண்டும். டீச்சரக்காவுக்கு வயது 63. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறு ஓடப் போவது அவருடைய முதல் ஹாஃப். கல்லூரியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்தவர் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தாரே, அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு விடுதியில் எல்லோரும் அழுதார்களாம். "அதே ஒலிம்பிக்ஸ்லதான் பொம்பளைங்களுக்கு முதமுதலா மாரத்தான் வச்சாங்க, தெரியுமா?" என்றார். 1928இல் 800 மீட்டர் ஓட விட்டு, அது பெண்களுக்குத் தாங்காது என்று நிறுத்தியவர்கள் மறுபடி வைக்க 1960 வரை ஆனது. 42 கிலோமீட்டருக்கு 1984 வரை ஆனது. "அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். ஸ்பைக் ஷூவைத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தேரூர்க் குளத்துப் பக்கம் பறவைகள் கூட்டமாக எழுந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

மூன்றாம் நாள், வெள்ளி

ஓட்டம் இல்லை, வேனில் ஊர் சுற்றினோம். மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, திரும்பி வரும்போது பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனைக்குள் நுழைய நேரம் முடிந்துவிட்டது. வாசலோடு திரும்பினோம்.

தொட்டிப்பாலம் காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்தது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் எடுத்துப் போகிறார்கள். பக்கத்து நடைபாதையில் கீழே தென்னை உச்சிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். குழுவில் சின்னவள், கல்லூரியில் படிக்கிறவள், உயரம் என்றால் அவளுக்கு நடுக்கம். நர்ஸ் அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை வந்தாள். நர்ஸ் அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. துப்பட்டா இழுபட்டால் நின்றார், தளர்ந்தால் நடந்தார்.

திற்பரப்பு மகாதேவர் கோயிலில் சிவராத்திரிக்கு இப்போதே பந்தல் வேலை தொடங்கியிருந்தது. சிவராத்திரிக்குப் பக்தர்கள் கோயில் கோயிலாக ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் இது மூன்றாவது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற ஓட்டம், மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வெறுங்கால், வாயில் 'கோவிந்தா, கோபாலா'. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் பெருமாள் பெயரைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் வியாக்கிரபாதர் கதையைச் சொல்வார்கள். பாதி மனிதன் பாதி புலியான அவர் சிவன் பெயரைத் தவிர வேறொன்றைக் கேட்கப் பொறுக்காதவர். யாகத்துக்கு அவரை அழைத்துவர வந்த பீமன் கோவிந்தா கோபாலா என்று கூவிவிட்டு ஓட, அவர் துரத்தினார். பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டான். அது லிங்கமானது. அவர் நின்று பூசை செய்வதற்குள் பீமன் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினான். இப்படிப் பன்னிரண்டு இடம்.

கோயில் வாசலில் கடலை விற்ற ஒருவர் முப்பது வருஷமாக ஓடுகிறாராம். வெறுங்காலில் தார்ச்சாலை சுடாதா என்று நர்ஸ் அக்கா கேட்டார். "ராத்திரியில அதிகம் தெரியாது. பகல்ல சுடும். கூட ஓடுதவன் நிக்காம போறான்லா, அவன் காலைப் பாத்துக்கிட்டே போயிருவோம்" என்றார். ஓடுபவர்களில் ஆண்களே அதிகம். வழியெல்லாம் சுக்குக்காப்பியும் மோரும் கஞ்சியும் கொடுக்க நிற்பவர்களில் பெண்கள் நிறைய உண்டு என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் நிற்கப்போவதும் அந்த வரிசையில்தான் என்று எனக்குத் தோன்றியது. அது வருத்தமாக இல்லை.

நான்காம் நாள், சனி

கன்னியாகுமரிக்கு வந்து அறை எடுத்துவிட்டோம். மத்தியானம் நெஞ்சில் குத்திக்கொள்ளும் பிப் நம்பரும் டி-ஷர்ட்டும் வாங்கினோம். டி-ஷர்ட் அத்தனையும் ஆண்கள் அளவு. சின்னவளுக்கு முட்டி வரை தொங்கியது. பெண்களுக்கு நாளைக்கு எத்தனை கழிப்பறை என்று கேட்டேன். இரண்டு என்றார்கள். இதை ஒவ்வொரு ஊரிலும் கேட்கிறோம், இனியும் கேட்போம். விடியற்காலையில் வீட்டை விட்டு வந்து, மாதவிலக்கு நாளாகவும் இருந்து, இருட்டில் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே பாதி உயிர் போய்விடும். தையலக்கா தன் அறையில் எட்டு டி-ஷர்ட்டையும் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, கையால் பக்கத்தையல் போட்டு அளவெடுத்தார். சாயங்காலம் எல்லோருக்கும் பொருந்தியது.

ராத்திரி எட்டு மணிக்கு நான் ஊக்கு குத்த உட்கார்ந்தேன். எட்டு டி-ஷர்ட், ஆளுக்கு நாலு, முப்பத்திரண்டு ஊக்கு. இது பார்க்கிற மாதிரி சுலபமான வேலை இல்லை. நம்பர் நெஞ்சுக்கு மேலே ஏறினால் கை உரசும். வயிற்றுக்கு இறங்கினால் மூச்சு வாங்கும்போது ஊக்கு குத்தும். ஒவ்வொருத்தரையும் நிற்க வைத்து, கையை வீசச் சொல்லி, முதலில் மேல் இரண்டு மூலை, அப்புறம் கீழ் மூலைகளைக் கொஞ்சம் தளர விட்டுக் குத்தினேன். நர்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஓஆர்எஸ் பாக்கெட் வைத்துக்கொண்டிருந்தார். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது, முதல் ஐந்து கிலோமீட்டர் அடக்கி ஓடுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். பருவம் தொடங்கும் முன் எங்கள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்க்க வைப்பவர் அவர். 12க்குக் கீழே இருந்தால் முதலில் முருங்கைக்கீரையும் மாத்திரையும், அப்புறம்தான் தூரம் கூட்டுவது என்பார்.

டீச்சரக்காவுக்குக் குத்திக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "நாளைக்கு எனக்கு வால் வேண்டாம்."

கையில் ஊக்கோடு நிமிர்ந்து பார்த்தேன். நர்ஸ் அக்காதான் முதலில் பேசினார். "என் டைமுக்காகச் சொல்றீங்களா அக்கா? அதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"உனக்காகச் சொல்லலை. எனக்காகச் சொல்றேன்." டீச்சரக்கா கட்டிலில் உட்கார்ந்தார். "நான் தனியா எங்கயும் போனதில்ல. காலேஜுக்கு அண்ணன் கொண்டு விட்டாரு. வேலைக்கு அவரு ஸ்கூட்டர்ல கொண்டு விட்டாரு. அவரு போனப்புறம் பையன். இங்கயும் நீங்க எல்லாரும் இருக்கீங்க. இருபத்தொரு கிலோமீட்டர் நான் ஒருத்தியாப் போயிட்டு வரணும்."

அறையில் பெரிய சண்டையே நடந்தது. 63 வயது, முதல் ஹாஃப், வெயில் என்றார்கள். அந்தக் கட்டத்தை எதற்காக வரைந்தோம் என்று மறந்துவிட்டதா என்று நான் கேட்டேன், குரல் உயர்ந்துதான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு விழுந்தப்ப கூட ஆளில்லாதது தப்பு இல்ல. யாரும் அவளுக்காகக் காத்துக்கிட்டு இல்ல, அதான் தப்பு. எனக்காகக் காத்திருங்க. கூட வராதீங்க" என்றார்.

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. பேசி முடித்தது இதுதான்: பாதி தூரத்தில் மணக்குடிப் பாலத்தில் நான் நிற்பேன். முகம் பார்த்துச் சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்வேன், அவர் கேட்க வேண்டும். ஓடி முடித்த யாரும் அவரைக் கூட்டிவரத் திரும்பி ஓடக் கூடாது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். கடைசி ஊக்கைக் குத்தினேன். என் விரலில் ஒரு சொட்டு ரத்தம்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

ஐந்தரைக்குக் கொம்பு ஊதித் தொடங்கி வைத்தார்கள். கடலில் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் விளக்கு வெளிச்சத்தில் நின்றன. எட்டு பேரும் இருட்டுக்குள் போனதும் நானும் தம்பியும் மணக்குடிக்குக் கிளம்பினோம்.

பழையாறு கடலில் சேரும் இடம் மணக்குடி. ஒழுகினசேரியில் நாகர்கோவில்காரி வீட்டுப் பக்கம் பார்த்த அதே ஆறு சுசீந்திரத்தைத் தொட்டு இங்கே வந்து அகலமாக, சத்தமில்லாமல் முடிகிறது. 2004 சுனாமியில் மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் சேர்த்த பழைய பாலத்தை அலை பிய்த்து எறிந்தது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல் திண்ணையில் தண்ணீரையும் மட்டிப்பழத்தையும் பரப்பினேன். மட்டி இந்த மாவட்டத்துப் பழம். விரல் அளவுதான், இரண்டு கடியில் தீரும், மணமும் இனிப்பும் அப்படி. ஓடும்போது தின்ன இதைவிட நல்ல பழம் நான் பார்த்ததில்லை. மீன் வாங்கப் போன ஒரு அக்கா நின்று விசாரித்து, தன் பங்குக்கு ஒரு சீப்பை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு இருபத்தெட்டுக்கு நர்ஸ் அக்கா வந்தார். வாயைத் திறக்காமல் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அடுத்து சின்னவள், நாகர்கோவில்காரி, வங்கி அக்கா. தையலக்கா நெஞ்சருகே நூல் கோர்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது ஆள் ஆறு ஐம்பதுக்குத் திரும்பிப் போனார். அதற்குள் சூரியன் மேலே வந்து, ஆற்று முகத்துவாரம் முழுக்கப் பளபளத்தது.

அப்புறம் யாரும் இல்லை. தெரியாத ஓட்டக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஏழு அடித்தது. ஏழு ஐந்து. நான் சாலையின் வளைவையே பார்த்தேன். கண்ணில் நீர் கோர்த்துவிட்டது. பயமா, வெளிச்சமா என்று தெரியவில்லை. முதலில் எனக்குக் கேட்டது சத்தம்தான். சர், சர். வியாழக்கிழமை கேட்ட அதே தாளம்.

ஏழு ஏழுக்கு பாலத்தைத் தொட்டார். முகம் சிவந்திருந்தது, உதட்டில் உப்பு படிந்திருந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன்: இன்றைக்கு என்ன கிழமை, உங்கள் நம்பர் என்ன, வேர்க்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நம்பரைச் சொல்லிவிட்டு, அது மூன்றால் வகுபடும் என்றும் சொன்னார். ஒரு மட்டிப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தலையில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். "சரி, நீ போ" என்றார். போய்விட்டார்.

அவர் போன கடலோரச் சாலையிலேயே நாங்களும் போயிருக்கலாம். ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்னால் போனால் அவருக்குத் தெரியப் போவதில்லை என்று தம்பி சொன்னான். சுசீந்திரம் வழியாகச் சுற்றிப் போகச் சொன்னேன். அந்தச் சுற்று வழி முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

நர்ஸ் அக்கா ஒரு மணி 58 நிமிடத்தில் முடித்திருந்தார். அவரைக் கட்டிப்பிடித்தேன். பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடி முடிக்க மூன்றரை மணி நேரம் கட்-ஆஃப், அதாவது ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நாங்கள் எட்டு பேரும் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றோம். எட்டு நாற்பத்தெட்டுக்குத் தூரத்தில், ஒரு பெட்டிக்கடைப் பக்கம், எங்கள் டி-ஷர்ட் நிறம் தெரிந்தது. முந்நூறு மீட்டர் இருக்கும். சின்னவள் துள்ளி ஒரு அடி எடுத்து வைத்தாள். நர்ஸ் அக்கா அவள் துப்பட்டாவைப் பிடித்தார்.

யாரும் போகவில்லை. கத்தக்கூட இல்லை. டீச்சரக்கா ஒருமுறை நடந்தார். சாலை விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றார். எனக்குக் காலில் வலி இருப்பதே மறந்துபோய் இரண்டு குதிகாலையும் உயர்த்தி நின்றேன். அவர் கம்பத்தை விட்டார். மறுபடியும் ஓடினார். மூன்று மணி 21 நிமிடம்.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் நாங்கள் கத்தினோம். எவ்வளவு கத்தினோம் என்றால், சுண்டல் விற்றவர் பானையை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

டீச்சரக்கா கையில் மட்டிப்பழம் இருந்தது, பாலத்தில் எடுத்த அதே பழம், நசுங்கிப்போய். திங்கவே இல்லையாம். "வழியில ஒரு பொண்ணு உக்காந்திருந்தா. குடுக்கலாம்னு கேட்டேன், வேண்டான்னுட்டா. அவ எந்திரிச்சு நடக்குற வரைக்கும் கூட நின்னேன். அதுல ஒரு நாலு நிமிஷம் போயிருச்சு" என்றார்.

ஆறாம் நாள், திங்கள்

ரயில். அம்மை கட்டிக்கொடுத்த ஏத்தன்பழச் சிப்ஸ் ஆரல்வாய்மொழிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. காற்றாலைகளை யாரும் பார்க்கவில்லை, பாதிப் பேர் தூக்கம். நான் ஊக்குகளைத் திரும்ப எண்ணினேன், முப்பத்தொன்று. டீச்சரக்கா தன் நம்பரைச் சட்டையிலிருந்து கழற்றி நாலாக மடித்து, ஒரே ஒரு ஊக்கைப் போட்டுப் பர்ஸுக்குள் வைத்திருக்கிறார். அதைக் கேட்கவில்லை.

என் ஆறு வாரம் பங்குனி நடுவில் முடிகிறது. முதல் நாள் இரண்டு கிலோமீட்டர்தான், அதுவும் ஓடி நடந்து ஓடி. நோட்டை எடுத்து அந்தத் தேதியை எழுதினேன். டீச்சரக்கா பேனாவை வாங்கி, பக்கத்திலிருந்த வால் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

வேணும் என்றேன்.